எச்சரித்தலும் விருந்தோம்பலே

வந்தவரை இன்முகத்தோடு வரவேற்று, உண்டியும் உறையுளும் தருவதோடு விருந்தோம்பல் நிறைவுற்றுவிடுமா? அவர் அறியாத இடரை முன்கூட்டியே அறிவிப்பதும் அதன் ஒரு கூறே என்பது நம் துணிபு. இவ்வெண்ணத்தை நம்முள் வேரூன்றச் செய்தது, 2016 ஜூன் 14ஆம் நாள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு துயரம்.

டிஸ்னி நிறுவனத்தின் கிராண்ட் புளோரிடியன் விடுதி, செவன் சீஸ் லகூன் என்னும் செயற்கை ஏரியின் கரையில் உள்ளது. நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்து வந்து தங்கிய குடும்பத்தின் 2 வயது ஆண் குழந்தை, இரவு 9 மணியளவில் அதன் மணற்கரையோரத்துச் சிறு நீரில் நின்றபோது, முதலை இழுத்துச் சென்றது. தந்தை போராடியும் மீட்க இயலவில்லை. மறுநாள் உடலே கிடைத்தது.

கரையில் அறிவிப்புப் பலகை இருந்தது. 'நீந்தாதீர்' என்று அது கூறிற்று. முதலை பற்றி ஒரு சொல்லும் இல்லை. தமிழ் கற்பிக்கும் நமக்கு இவ்விடத்தில்தான் நெஞ்சு கனக்கிறது. நீந்தாதீர் என்பது கட்டளை. முதலை உண்டு என்பது செய்தி. கட்டளையை மட்டும் படித்தவர் ஆழத்திற்கு அஞ்சுவார். ஆழமில்லாக் கரைக்கு அஞ்சமாட்டார்.

'முதலை இருப்பது யாவரும் அறிந்ததே' என்பர் சிலர். ஏறத்தாழ 13 இலட்சம் முதலைகள் வாழும் புளோரிடாவின் மக்களுக்கு அது பொருந்தும். முதலையே இயல்பாக வாழாத நெப்ராஸ்காவினர் எங்ஙனம் அறிவர்? அந்தி முதல் வைகறை வரை முதலைகள் மிகுதியாக இயங்கும். மனிதர் இரையிட்டுப் பழக்கினால் மனிதரிடம் அச்சம் இழக்கும். அறிந்தவர் இவற்றை அறியாதார்க்கு உரைத்தல் கடன். மணல் பரப்பி அழைத்தவர்க்கு அக்கடன் இரட்டிப்பாகும்.

எச்சரித்தால் விருந்தினர் வாரார் என வணிகர் அஞ்சலாம். துயரம் நிகழ்ந்த சில நாட்களிலேயே அங்கு முதலை, பாம்பு பற்றிய எச்சரிக்கைப் பலகைகளும் தடுப்புகளும் அமைக்கப்பட்டன. அதனால் மக்கள் வருகை நின்றுவிடவில்லை. முன்னரே செய்திருக்கக் கூடாதா என்பதே நம் ஏக்கம்.

விருந்தினர்க்கும் பொறுப்புண்டு. பலகையைப் படித்தல் வேண்டும், விலங்குக்கு இரையிடலாகாது. புளோரிடாவில் முதலைக்கு இரையிடுவது சட்டப்படி குற்றமுமாகும்.

பெற்றோர் நம்பி ஒப்படைத்த மாணவர்களை முதுமலை போன்ற இடங்களுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் நாம், அறை வாடகையைக் கேட்குமுன், 'இரவில் இங்கு எவ்விலங்கு வரும்? எப்பக்கம் செல்லலாகாது?' என்று வினவுகிறோம். சிலர் சிரித்து மழுப்புவர். சிலர் யானைத் தடத்தையே காட்டுவர். பின்னவரிடமே நாம் தங்குகிறோம்.