தேயிலை இறங்கிய வழி

ரயில் என்றால் இரண்டு தண்டவாளங்கள் வேண்டும் என்பது நம்மில் அநேகருடைய எண்ணம். ஆனால் ஒரே தண்டவாளத்தின்மேல், அதுவும் காளை மாடுகள் இழுத்துச் செல்ல, ஒரு ரயில் நமது மேற்கு மலைத் தொடரில் ஓடியிருக்கிறது! அதன் பழைய வழியைப் பார்த்து வருவதென்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசிகளான நாங்கள் பதினொரு பேர் மூன்று ஜீப்புகளில் புறப்பட்டோம்.

சென்னையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. அங்கிருந்து குரங்கணிக்குப் போய் நிமிர்ந்து பார்த்தால், மலை சுவர் எழுப்பியது போல் நிற்கிறது. அதன் உச்சியில் இருப்பது 'டாப் ஸ்டேஷன்'. அடிவாரத்துக் கொட்டகுடிதான் அந்நாளைய 'பாட்டம் ஸ்டேஷன்'.

கண்ணன் தேவன் மலைத் தேயிலையைக் கப்பலுக்குக் கொண்டு சேர்க்க வெள்ளைக்காரக் கம்பெனியார் கண்ட மார்க்கம் இது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரையில் 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். சிறு சக்கரம் தண்டவாளத்தில் உருளும். பெரிய சக்கரம் பக்கத்துத் தரையில் ஊன்றி வண்டி கவிழாமல் தாங்கும். ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் நண்பர் இதை மணலில் படம் போட்டு விளக்கியபோது, குழந்தைகளுக்குக்கூட விளங்கிவிட்டது. 1908-இல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலப் பாதை அமைத்து, நீராவி எஞ்சின்களை ஓட்டினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு மாட்டு வண்டியில் போடிக்குப் போயின.

1924-ஆம் வருஷம் பெய்த பெருமழையில் மூணாறு வெள்ளக்காடாயிற்று. ரயில் பாதை அடியோடு அழிந்தது. அதை மறுபடி போடவே இல்லை.

குரங்கணியிலிருந்து காட்டு வழியாகவே மேலே ஏறிவிடலாம் என்று எங்களில் இளைஞர் சிலர் துடித்தார்கள். அனுமதிச் சீட்டு எங்களிடம் இல்லை. "யார் பார்க்கப் போகிறார்கள், ஸார்?" என்றார் ஒருவர். ஊர்ப் பெரியவர் ஒருவர், "பார்க்கிறதுக்கு ஆள் இல்லாமல் போனால்தான் ஆபத்து, தம்பி!" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் எங்களுக்குத் தெரியும். 2018 மார்ச்சு 11-ஆம் தேதி இந்த மலைச் சரிவில் காய்ந்த புல் தீப்பற்றியது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் மலையேற வந்திருந்தவர்கள் அதில் சிக்கிக்கொண்டார்கள். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களும் எங்களைப் போலவே விடுமுறைக்குக் கூட்டமாய்க் கிளம்பி வந்தவர்கள்தாம். அதன் பிறகே அரசாங்கத்தார் மலையேற்றத்துக்கென்று விதிகள் வகுத்தார்கள். அப்புறம் யாரும் வாதாடவில்லை. ஜீப்புகளைத் திருப்பிக்கொண்டு போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு என்று மலையைச் சுற்றிக்கொண்டு போனோம்.

டாப் ஸ்டேஷன் மூணாற்றிலிருந்து சுமார் 32 கிலோமீட்டர். மூணாறு கேரளத்தில் இருந்தாலும், இந்த இடம் நமது தேனி ஜில்லாவைச் சேர்ந்தது. ரயிலைத் தேடிப் போகிறவர்களுக்கு இங்கே அதன் பெயர்தான் கிடைக்கும். மேகம் விலகியதும் கொட்டகுடிப் பள்ளத்தாக்கு காலடியில் விரிகிறது. தேயிலை இறங்கிய அந்தச் செங்குத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

பெட்டிகளுக்குக் கம்பிவடம் போட்ட கம்பெனியார் லாபத்தைக் கப்பலில் ஏற்றினார்கள். காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்களில் பெரும்பாலோர் கீழ்நாட்டிலிருந்து போன தமிழ்க் கூலி ஜனங்கள். ரயில் பாதை ஒரு வெள்ளத்தோடு போயிற்று. அவர்கள் நட்ட தேயிலையோ மலை மலையாய்ப் பச்சைப் பசேலென்று நிற்கிறது. நம் வீடுகளில் காலையில் தேநீர் அருந்தும்போது ஒரு விநாடி அவர்களையும் நினைத்துக்கொள்ளலாம் அல்லவா?