சிற்றரசுகளின் நட்பு

சிறு துரும்பும் பல்லுக் குத்த உதவும் என்பது எம் முன்னோர் வாக்கு. அதன் பொருள் எமக்குத் தெரியும் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். ஆனால், ஒரு கணினி விளையாட்டின் முன் அமர்ந்து, தோற்று, வெட்கிய பின்னரே அதனை உண்மையாக உணர்ந்தோம் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைப்பதில் குற்றமில்லை, கதையைக் கேட்ட பின்னர் நகைக்கலாம்.

சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டு, பெறுபேறு வரும்வரை எம்முடன் தங்குவதற்காக எமது மருமகன் வந்திருந்தான். உடைகளுக்கு முன்னதாக அவன் பையிலிருந்து வெளிவந்தது மடிக்கணினி. இரவு முழுவதும் வெடிச்சத்தம் கேட்கப் போகிறதே என்று நாம் முகஞ்சுளித்தோம். "இது அடிபாட்டு விளையாட்டு இல்லை மாமா. சதுரங்கம் மாதிரி. நான் ஆடினால் மற்றவை பார்த்துக்கொண்டிருக்கவேணும்" என்றான். சதுரங்கம் என்றதும் எமது சுளிப்பு நீங்கிற்று. இரண்டு நாட்களில் அவனை எழுப்பிவிட்டு நாம் அவனது கதிரையில் அமரும் நிலை உண்டாயிற்று.

விளையாட்டின் பெயர் 'சிவிலைசேஷன்'. சிட் மையர் என்னும் அமெரிக்கரின் பெயரோடு இணைந்து 1991 ஆம் ஆண்டிலே முதன்முதல் வெளிவந்தது. நாம் ஆடியது 2010 இல் வெளியான ஐந்தாம் பாகம். கி. மு. 4000 இலே ஒரு குடியேற்றக் கூட்டத்தோடு தொடங்கி, நகரமைத்து, கழனி திருத்தி, கல்வி வளர்த்து, முறை முறையாக ஆடி, ஒரு பேரரசை நடத்திச் செல்ல வேண்டும். மற்றைய பேரரசுகளைக் கணினி நடத்தும்.

பேரரசுகளுக்கு இடையிடையே நகர அரசுகள் என்னும் சிறு நாடுகள் இருக்கின்றன. முன்னைய நான்கு பாகங்களிலும் இல்லாத இவை ஐந்தாம் பாகத்திலேயே புகுந்தன. நடுத்தர அளவான உலகப்படத்தில் 8 பேரரசுகளும் 16 நகர அரசுகளும் இருக்கும். நகர அரசு ஒவ்வொன்றுக்கும் ஒரே நகரந்தான். அது புதுக் குடியேற்றம் அமைக்காது, வெற்றியையும் நாடாது. ஆயினும், நட்புக் கொண்டோருக்கு அதனால் வரும் நன்மை பெரிது. கடல்சார்ந்த நகரங்கள் உணவு தரும். பண்பாட்டு நகரங்கள் கலைவளம் தரும். படைத்திறன் கொண்டவை போர்வீரரை அனுப்பும். 2012 இல் வந்த விரிவாக்கத்தில் வணிக நகரங்களும் சமய நகரங்களும் இவற்றோடு சேர்ந்தன.

நட்பை இவ்விளையாட்டு எண்ணால் அளக்கிறது. ஒரு நகரத்திடம் எமக்குள்ள செல்வாக்கு 30 ஐ எட்டினால் அது எம் நண்பன். 60 ஐ எட்டி, வேறெவருக்கும் அதனினும் கூடிய செல்வாக்கு இல்லையானால், அது எம் நேச நாடு. நேச நாடானதும் தன் மண்ணின் வளங்களை எமக்குத் தரும். எம் பகைவர்மீது தானும் போர் தொடுக்கும்.

நிற்க. இந்த எண் நிலையாக நிற்பதன்று. பொதுவாக, முறைக்கு ஒன்றாகத் தேய்ந்துகொண்டே வரும். நாம் எந்தப் பிழையும் செய்யவேண்டுவதில்லை, பேசாதிருந்தாலே போதும். இன்று 65 என்று மகிழ்ந்தோமானால் ஆறு முறைகள் கழிந்ததும் 59 ஆகிவிடும். நேச நாடு வெறும் நண்பனாகும். கிரேக்கரின் அலெக்சாந்தரைத் தெரிந்தெடுத்து ஆடுவோருக்கு மாத்திரம் இத்தேய்வு பாதியளவே. நாமோ சீயத்து மன்னன் இராமகம்ஹெங்கைத் தெரிந்தோம். அவருக்கு நகர அரசுகளின் நட்பால் வரும் உணவும் கலைவளமும் மற்றவருக்குக் கிடைப்பதிலும் ஒன்றரை மடங்கு.

தொடக்கத்திலே நாம் பொன்னையே நம்பினோம். 250, 500, 1000 என மூவகை அன்பளிப்புகள் உண்டு. கொடுத்த மாத்திரத்தில் எண் ஏறும். நகரத் தலைவர் நன்றி கூறுவார். நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. காலம் செல்லச் செல்ல அதே பொன்னுக்குக் கிடைக்கும் செல்வாக்குக் குறைந்தது. எமது கருவூலம் வற்றிய வேளையில் வேறொரு பேரரசன் வந்து பெருந்தொகையைக் கொட்டிவிட்டுப் போனான். காசுக்கு வந்த நட்புக் காசுக்கே போயிற்று.

மருமகன்தான் வேறு வழியைக் காட்டினான். நகர அரசுகள் அவ்வப்போது வேண்டுகோள்களை விடுக்கும். தம் எல்லையருகே கூடாரமிட்டிருக்கும் கொள்ளைக் கூட்டத்தை அழித்துத் தரும்படி ஒன்று கேட்கும். உம் தலைநகரிலிருந்து எமக்குத் தெருப் போடும் என்று மற்றொன்று கேட்கும். இன்ன பொருள் உம்மிடத்து உண்டோ என்று வேறொன்று வினவும். இவற்றை நாம் சில்லறைத் தொல்லைகள் என்று தள்ளியிருந்தோம். அவனோ ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டியலை முதலில் வாசித்தான். "என்ன வேணும் எண்டு கேட்டுச் செய்தால் காசு மிச்சம் மாமா" என்றான். அவ்வாறே செய்தோம். ஐந்து நகரங்கள் எம்மோடு சேர்ந்தன.

அவற்றுள் ஒன்று கோலாலம்பூர். மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய பாட்டன்மார் எமது பகுதியில் பலர் இருந்தமையால், அப்பெயரில் எமக்கு ஒரு தனிப் பற்று. பண்பாட்டு நகரமான அதற்குக் காவல் வாக்குறுதியும் கொடுத்தோம். ஒருவன் உன்னைத் தொட்டால் எம்மைக் கேட்டே தொடவேண்டும் என்பது அவ்வாக்குறுதியின் சாரம். கொடுக்கும்போது அதற்குச் செலவு ஏதுமில்லை.

கோலாலம்பூருக்கு வடக்கே செங்கிஸ்கான் இருந்தான். நகர அரசுகளைத் தாக்கும்போது அவன் படைகளுக்கு 30 சதவீதம் கூடுதல் வலிமை உண்டு என்பதை அறிந்திருந்தும் நாம் பொருட்படுத்தவில்லை. ஒரு நாள் அவன் அந்நகர்மீது படையெடுத்தான். உடனே எம் திரையில் தோன்றி, நடந்ததை ஒப்புக்கொண்டு, எம் மறுமொழிக்காகக் காத்திருந்தான். இரண்டு மறுமொழிகளே இருந்தன. இதனை மறக்கமாட்டோம் என்று கண்டிக்கலாம். அல்லது போகட்டும் என்று விட்டுவிடலாம். கண்டித்தால் அவனுடைய பகை வரும். எமது சேனை சிறியது. அரைகுறையாக நின்ற பல்கலைக்கழகம் ஒன்று முடிய இன்னும் நான்கு முறைகள் வேண்டும். போகட்டும் என்றோம். வாக்குறுதி அத்துடன் நீங்கிற்று. சில முறைகளுக்குள் கோலாலம்பூரின் கொடியும் இறங்கிற்று.

மருமகன் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "மாமா, அவை உங்களை நம்பியெல்லோ இருந்தவை?" என்றான்.

"அது விளையாட்டுத்தானே, தம்பி" என்றோம். சொன்ன மறுமொழி எமக்கே உவப்பாக இருக்கவில்லை.

பின்விளைவு பின்னரே தெரிந்தது. 2013 இல் வெளியான இரண்டாம் விரிவாக்கத்தின்படி, ஆட்டத்தின் பிற்பகுதியில் உலகப் பேரவை கூடும். நேச நகரங்கள் அங்கே எமது பக்கத்துக்கு வாக்குச் சேர்க்கும். அவ்வாக்குகளால் உலகத் தலைவராகத் தெரிவு செய்யப்படுபவரே வென்றவர். கோலாலம்பூரோடு எமது வாக்கும் போயிற்று. அது மாத்திரமன்று, பசி தீர்ந்த செங்கிஸ்கான் அடுத்து எமது எல்லைக்கே வந்தான். அன்று தவிர்த்த போரை, இடையில் நின்ற நண்பனையும் இழந்த பின்னர், தனியே நடத்தினோம். அரும்பாடுபட்டு அந்நகரை மீட்டபோது, உமதாக்கிக் கொள்கிறீரா, விடுதலை செய்கிறீரா என்று விளையாட்டு வினவியது. விடுதலை செய்தோம். மறுகணமே கோலாலம்பூர் மீண்டும் எம் நேச நாடாயிற்று. ஒரு சொற் குறையும் கூறவில்லை. ஆட்டத்தில் வெற்றி வேறொருவனுக்கே சென்றது.

எம்மைத் தேற்றுவதற்காக மருமகன் 2016 இல் வெளியான ஆறாம் பாகத்தையும் காட்டினான். அங்கே நட்புத் தேய்வதில்லை. அனுப்பிய தூதர்களின் தொகையே கணக்கு. குறைந்தது 3 தூதர்கள் இருக்கவேண்டும். வேறெவரிலும் கூடுதலாகவும் இருக்கவேண்டும். அந்தச் சிற்றரசுகளின் வரிசையிலே கண்டியின் பெயரைக் கண்டதும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பெரிய வல்லரசின் நட்பு எத்தகையது என்பதைக் கண்டி உண்மையிலேயே அனுபவித்ததன்றோ! போர்த்துக்கேயரை அகற்றுவதற்காக இரண்டாம் இராஜசிங்கன் 1638 இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். 1658 இல் போர்த்துக்கேயர் அகன்றனர். கரையோரக் கோட்டைகளோ ஒல்லாந்தர் கையிலேயே தங்கின. இதுவரை பேரரசனின் ஆசனத்திலிருந்தே நட்பைக் கணக்கிட்ட நாம், அந்தப் பெயரைப் பார்த்தபோதுதான் சிறியவனின் வாசலிலிருந்து அதனை நோக்கினோம்.

அவ்விரவு நித்திரை வரவில்லை. வேறொரு வேலி நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர், எம் அயலவர் ஒருவரின் எல்லையை வசதி படைத்த ஒருவர் அரைமுழம் தள்ளி அடைத்துவிட்டார். பழைய எல்லையை அறிந்தவர்கள் நாம். வந்து ஒரு வார்த்தை சொல்லும்படி அயலவர் கேட்டார். பெரிய இடத்துப் பகை ஏன் என்று கருதி, அன்று வேலை இருப்பதாகக் கூறிவிட்டோம். அவர் எம் வீட்டுக் கொண்டாட்டங்களில் பந்தற்கால் நட்டவர். எம் தாயாரின் நோய்க்காலத்தில் இரவிரவாக எம்மோடு கண்விழித்தவர். அதன் பின்னரும் எதிர்ப்பட்டால் சிரிப்பார். நாமும் சிரிப்போம். முறைக்கு ஒன்றாகத் தேய்ந்ததை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் அந்த எண் திரையிலே காட்டப்படுவதுமில்லை.

மறுநாட் காலை அவருடைய படலையைத் திறந்துகொண்டு போனோம். அன்று வராதது பிழை என்றோம். எல்லைக்காக இனி எங்கு வந்து சொல்லவேண்டுமானாலும் வருவோம் என்றோம். அவர் சிறிது நேரம் வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு, "இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார்.

குடித்தோம். கோலாலம்பூரைப் போல அவர் மறுகணமே எல்லாவற்றையும் மறந்துவிட்டார் என்று நாம் கூறமாட்டோம். கேட்டபோது போகாத கடன் ஒரு குவளைத் தேநீரில் தீர்வதன்று. மருமகன் ஊர் திரும்பிவிட்டான். மடிக்கணினியும் அவனோடு போய்விட்டது. நாமோ கிழமைக்கு ஒரு தடவையாவது அந்தப் படலையைத் திறக்கிறோம்.