பாடப் போகிறவளும் பின்னால் நிற்கிறவளும்

பத்திரிகைக்காரன் ஊருக்கு வருகிறான் என்றால் உறவினர்களுக்கு இரண்டு காரியங்கள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, தொடர்கதையில் கதாநாயகி பிழைப்பாளா மாட்டாளா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது. மற்றொன்று சிபாரிசு. சென்ற பொங்கலுக்கு நான் திருவண்ணாமலைக்குப் போனபோது, அக்கா முதல் கேள்வியை விட்டுவிட்டு நேரே இரண்டாவதுக்கு வந்துவிட்டாள்.

"ஏண்டா, நீ போய் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாலு வருஷமா முட்டி தேய விளையாடுறா. லிஸ்ட்ல இவ பேரு இல்லையாம்!"

அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளிக்கூடத்துக் கபடி அணியில் இடது கவர். மாவட்ட அணிக்குப் பன்னிரண்டு பெண்களைப் பொறுக்கியதில் அவள் விட்டுப்போனாள். அவளுடைய உயிர்த் தோழி, அதே அணியில் பாடப் போகிறவள், முதல் பெயராக வந்துவிட்டாள். அன்று மாட்டுப் பொங்கல். திருவூடல் தெருவில் சுவாமிக்கும் அம்பாளுக்கும் ஊடல் நடக்கும் நாள். அக்கா வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் நடந்தது. "சிபாரிசுன்னு யாராவது போனா, நான் கபடியையே விட்டுடுவேன்" என்று அந்தப் பெண் ஒரே போடாகப் போட்டாள்.

இதில் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி உண்டு, வாசகர்களே. மார்கழியில் நான் வந்திருந்தபோது இவர்கள் பள்ளிக்கூட ஆட்டம் ஒன்றைப் பார்த்தேன். பழக்கதோஷத்தால் நோட்டுப் புத்தகத்தில் குறிப்பும் எடுத்தேன். அதைப் புரட்டினால் பக்கம் முழுவதும் தோழியின் புராணம்தான்! எப்படிப் பாய்ந்தாள், எப்படித் திரும்பினாள், எத்தனை பேரைத் தொட்டாள் என்று வர்ணித்திருக்கிறேன். சொந்த அக்கா மகளைப் பற்றி ஒரு வரி இல்லை. தேர்வாளர்களைக் குறை சொல்ல எனக்கு ஏது யோக்கியதை?

அவள் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "மாமா, நாளைக்குக் காணும் பொங்கலுக்கு ஒரு மேட்ச் இருக்கு. வாங்க. ஆனா பாடப் போறவளைப் பார்க்காதீங்க. பின்னால நிக்கிறவங்களை மட்டும் பாருங்க."

"பார்த்தால்?"

"நம்ம அம்மன் தேரை மகாரதத்தன்னிக்குப் பொம்பளைங்கதானே இழுக்கிறோம்? எல்லாரும் வடத்தைப் பார்ப்பாங்க. சக்கரத்துக்குக் கட்டை போடுறவரை யாரு பார்க்கிறா? அவரு இல்லேன்னா தேரு மாட வீதியில திரும்புமா?"

பதினாறு வயதுப் பெண்ணிடம் பாடம் கேட்பதற்காக மறுநாள் கிளம்பினேன். கிரிவலப் பாதைக்கு அப்பால் ஒரு திடல். பெண்களுக்கான களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். சுண்ணாம்புக் கோடு. மலை பின்னால் நின்று வேடிக்கை பார்த்தது.

கபடி பார்க்காத சகோதரிகளுக்கு ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு ஏழு பேர். ஒருத்தி 'கபடி கபடி' என்று மூச்சை விடாமல் பாடிக்கொண்டு எதிரிக் களத்துக்குள் போய், 30 விநாடிக்குள் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். பிடிபட்டால் அவள் வெளியே போய் உட்கார வேண்டியதுதான். மறுபடி எப்போது உள்ளே வருவாள்? அவள் பக்கம் ஒருத்தியை ஆட்டமிழக்கச் செய்தால், வெளியே இருப்பவர்களில் முதலில் போனவள் உள்ளே வரலாம். ஆக, பாடப் போன சூரப்புலி பிடிபட்டு உட்கார்ந்திருக்கும்போது அவளை மீட்டுக் கொண்டுவருவது யார்? பின்னால் கைகோத்து நிற்கிறார்களே, பெரும்பாலும் அவர்கள்தான். எதிரி பாடி வரும்போது அவளை மடக்கிப் பிடித்தால் ஒரு புள்ளி, தோழிக்கு மறுபிறவி.

அன்று நான் இதைத்தான் எண்ணினேன். தோழி 6 தடவை பிடிபட்டாள். அதில் 5 தடவை, அடுத்த இரண்டு பாட்டுக்குள் உள்ளே வந்துவிட்டாள். எங்கள் பக்கம் மொத்தம் 9 பிடிகள். அவற்றில் 7 பிடிகளில் இரண்டாவதாகப் போய் விழுந்தவள் அக்கா மகள். கார்னரில் நிற்கிற பெண் கணுக்காலைப் பிடிப்பாள். பிடித்தவுடன் எதிரி கோட்டை நோக்கித் துள்ளுவாள். அந்தத் துள்ளலுக்குக் குறுக்கே தன் தோளைக் கொடுத்து வழியை அடைப்பதுதான் கவரின் வேலை. ஒரு நொடி தாமதித்தால், கணுக்காலைப் பிடித்தவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு எதிரி கோட்டைத் தொட்டுவிடுவாள். ஆனால் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தவர் முதலில் பிடித்தவளின் எண்ணை மட்டுமே குறித்தார். ஏழு முறை மண்ணில் புரண்டவளுக்கு அந்த நோட்டில் விழுந்தது ஒரே ஒரு புள்ளி.

இன்னொன்றும் கவனித்தேன். தோழி எடுத்த புள்ளிகளில் பாதிக்கு மேல், எதிர்ப்பக்கம் மூன்று நான்கு பேர் மட்டும் மிஞ்சியிருந்தபோது வந்தவை. ஏழு பேர் நிற்கும் களத்தில் நுழைந்து தொடுவதும், மூன்று பேர் நிற்கும் களத்தில் தொடுவதும் ஒன்றாகுமா? எதிரிகளை அப்படி மூன்று பேராக்கியதில் பின்வரிசைக்கும் பங்கு உண்டு. அதற்காகத் தோழியைக் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டு பாட்டு வெறுமனே போய், மூன்றாவதில் தொட்டே தீர வேண்டும், இல்லாவிட்டால் அவுட் என்ற நிலைமை வந்தபோதெல்லாம் அவள்தான் போனாள். அந்தத் துணிச்சலுக்கு எந்தப் பின்வரிசையும் காரணமில்லை.

இரவு அக்கா வீட்டில் தூக்கம் பிடிக்கவில்லை. புரோ கபடியின் பழைய கணக்குகளைப் புரட்டினேன். நம் தமிழ் தலைவாஸ் அணி 2017-இல் முதன்முதலாகக் களமிறங்கியது. நான்கு பருவங்கள் லீக் சுற்றைத் தாண்டவில்லை. 2022-இல் பவன் ஷெராவத் என்ற புகழ்பெற்ற ரெய்டரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி. பருவம் முழுவதும் ஆடவில்லை. 'தலைவாஸ் கதை முடிந்தது' என்றுதான் நானும் நினைத்தேன். நடந்தது என்ன? சாகர், சாஹில் குலியா, அபிஷேக், மோஹித் என்று பிடிக்கிறவர்கள் பின்னால் நின்றார்கள். நரேந்தர் என்ற புது இளைஞர் பாடப் போய், அந்த ஒரே பருவத்தில் 243 புள்ளிகள் குவித்தார். அணி முதன்முறையாக அரை இறுதிக்குப் போய், புனேயிடம் 37-க்கு 39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

அடுத்த பருவத்தில் பவனைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கியது. அவரும் ஏமாற்றவில்லை, இருநூறு புள்ளிகளுக்குக் குறையாமல் எடுத்தார். ஆனால் அந்த அணி 22 ஆட்டங்களில் 2-ல்தான் ஜெயித்துக் கடைசி இடத்தில் நின்றது!

இந்த விசித்திரம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்கென்றே ஒருவர் உண்டு. அவருக்கு முன்னால் மலை மாதிரி ஐந்து பேர் எதிரிகளை மோதித் தள்ளி வழி திறப்பார்கள். சாக்வான் பார்க்லி என்பவர் 2023-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் 14 ஆட்டங்களில் ஓடியது 962 கஜம். மறு வருஷம் பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு மாறினார். அங்கே வழி திறப்பவர்கள் பேர்பெற்றவர்கள். 16 ஆட்டங்களில் 2,005 கஜம்! கால் அதே கால்தான். ஓடிய கஜமெல்லாம் அவர் பெயரில். வழி திறந்த ஐவரின் பெயரில் ஒரு கஜம்கூட எழுதுவதில்லை.

விடிந்ததும், நோட்டுப் புத்தகத்தை அக்கா மகளிடம் கொடுத்தேன். பயிற்சி ஆசிரியையிடம் நான் போகவில்லை, அவளே கொண்டுபோனாள். சிபாரிசு வேறு, கணக்கு வேறு என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆசிரியை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, "பட்டியல் போய்விட்டதே அம்மா" என்றாராம். பிறகு அந்தப் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டாராம்.

மாசியில் மறுபடி போனேன். வாசலில் அக்கா மகளும் தோழியும் ஒரே தட்டில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். போட்டி முடிந்து தோழி முதல் நாள்தான் ஊர் திரும்பியிருந்தாள்.

"எத்தனை பாயின்ட் எடுத்தாய் அம்மா?" என்று கேட்டேன். பாருங்கள், மறுபடியும் அதே கேள்வி!

"நாலுதான் அங்கிள்" என்றாள் அவள், கடலைத் தோலை ஊதிவிட்டு. "பிடிச்சாங்கன்னா அவ்வளவுதான். வெளியேவே உட்கார்ந்திருந்தேன். உள்ளே கூட்டிட்டு வர ஆள் இல்லை."

அக்கா மகள் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.