மூன்றேகால் சவரன் குண்டு

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பத்தொரு வயது. ஆங்கரேஜுக்கு நாங்கள் குடிவந்த முதல் பனிக்காலத்தில், கேட்காமலேயே எங்கள் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போனவர். நன்றி சொல்லப் போன இடத்தில்தான் அவருடைய கராஜைப் பார்த்தேன். கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மரமேஜை, அதில் நெம்புகோல் வைத்த பிரஸ், ஒரு தராசு. தராசைப் பார்த்ததும் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. தாத்தா நகை செய்கிற பத்தர். குந்துமணி போட்டு நிறுத்த தலைமுறை.

பெரியவர் நிறுத்துக்கொண்டிருந்தது மருந்து. துப்பாக்கி மருந்து.

அவரிடம் இருந்தது வின்செஸ்டர் 71 ரைஃபிள். லீவரை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிற ரகம். 1930களின் நடுவில் .348 என்கிற தோட்டாவுக்காகச் செய்தது. இங்கிருந்து தெற்கே நூறு மைலில் கூப்பர் லேண்டிங் என்று ஒரு சிற்றூர். சால்மன் ஏறும் ஆறு, அதைத் தின்ன வரும் பழுப்புக் கரடிகள். அந்த ஊர் ஹெரால்டு ஜான்சன் என்ற துப்பாக்கி ஆசாரி 1950களில் அந்த .348 கூட்டின் கழுத்தை அகலப்படுத்தி, .45 அங்குலக் குண்டு பிடிக்கும்படி மாற்றினார். பெயர் .450 அலாஸ்கன். இப்படித் தனி ஆட்கள் பட்டறையில் பிறப்பித்த தோட்டாக்களை 'வைல்ட்கேட்' என்பார்கள். காட்டுப்பூனை. கடைக்குப் போய் ஒரு பெட்டி கொடுங்கள் என்று கேட்க முடியாது. வைத்திருப்பவன்தான் செய்துகொள்ள வேண்டும்.

செய்வதைப் பார்த்தால் பத்தர் வேலைதான். பித்தளைக் கூட்டின் கழுத்தை நெருப்பில் காட்டி இளக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விரிக்கும்போது கீறல் விடும். கூம்பு வடிவ இரும்பை உள்ளே செலுத்தி விரித்து, துப்பாக்கியில் ஒரு தடவை சுட்டால் அந்த வெடிப்பிலேயே கூடு உப்பி அறையின் வடிவத்துக்கு வந்துவிடும். துப்பாக்கியே அச்சு. பிறகு பிரைமர், மருந்து, குண்டு. குண்டின் மூக்கு தட்டையாக இருக்க வேண்டும் என்பார் பெரியவர். இந்தத் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு முன்னதன் பிரைமரைத் தொட்டுக்கொண்டு இருக்கும். கூர்மூக்காக இருந்து உதைப்பில் குத்தினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, கையை மட்டும் விரித்துக் காட்டினார்.

எடை எல்லாம் கிரெய்ன் கணக்கு. ஒரு கிரெய்ன் கிட்டத்தட்ட அரைக் குந்துமணி. அவருடைய குண்டு 400 கிரெய்ன், இருபத்தாறு கிராம். வீட்டில் சொன்னேன், "மூணேகால் சவரன்". மனைவி, "அதைப் போய் கரடி மேல வீசுவாங்களா?" என்றாள். விநாடிக்கு 2,100 அடி வேகத்தில் போகும்போது அதில் சுமார் 5,300 ஜூல் இருக்கிறது. எழுபது கிலோ ஆள் ஏழரை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற சக்தி. ஒருமுறை சுட்டுப் பார்த்தேன். ஒரு வாரம் சட்டை மாட்டும்போதெல்லாம் தோள் வலித்தது. திரும்பக் கேட்கவில்லை.

என் வேலை வேகமானியைப் பார்த்து எழுதுவது. போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை பத்து தோட்டா சுட்டார். எண்கள் சரியில்லை. 2,090, அடுத்து 1,980, அடுத்தது 2,130. முந்தைய வருட நோட்டில் இருபது, முப்பது அடிக்கு மேல் வித்தியாசமே இல்லை. "குளிர்" என்றார். எல்லாத் தோட்டாவும் அதே குளிரில்தானே இருந்தது? நான் கேட்கவில்லை. தராசின் கோட்டைப் படிக்க அவர் முகத்தை எவ்வளவு கிட்டே கொண்டுபோகிறார் என்பதை அதற்கு முன்பே கவனித்திருந்தேன்.

அடுத்த வாரம் அவர் காபி போட உள்ளே போன நேரம். மேஜையில் செய்து முடித்த இருபது தோட்டா. திருட்டுத்தனம்தான், ஆனாலும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன். பித்தளைக் கூடுகளே சில கிரெய்ன் முன்னேபின்னே இருக்கும், அதனால் சின்ன வித்தியாசம் எதையும் சொல்லாது. பத்தொன்பதும் அப்படித்தான் இருந்தன. ஒன்று மட்டும் ஐம்பது கிரெய்னுக்கு மேல் குறைந்தது. மறுபடி வைத்தேன். அதேதான். அதில் மருந்தே இல்லை.

அப்படி ஒன்றைச் சுட்டால் பிரைமரின் சின்ன வெடிப்பு குண்டைக் கொஞ்சம் தள்ளிவிட்டு ஓய்ந்துவிடும். குண்டு குழலுக்குள் சிக்கும். கரடி எதிரில் நிற்கும்போது வெறும் 'டப்'. அந்த அடைப்பின்மேல் தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழலே பிளக்கும், முகத்துக்கு ஒரு முழம் முன்னால். செப்டம்பரில் கடமான் வேட்டைக்கு அவர் தனியாகப் போவார். போன வருடம் வரை அவர் மனைவி கூடப் போய்க் கூடாரத்தில் புத்தகம் படித்துக்கொண்டிருப்பாராம். இப்போது அவர் இல்லை.

அந்த ஒன்றைச் சத்தமில்லாமல் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு மனிதரிடம் உங்கள் கண்ணும் கையும் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது?

காபியோடு வந்தார். தோட்டாவை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கையாலேயே தெரிந்துவிட்டது அவருக்கு. காதருகே வைத்து ஆட்டினார். பிறகு இன்னொன்றை எடுத்து மறுகையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

"மக போன் பண்ணினா," என்றார். "பாதியில எழுந்து போனேன்."

"டார்ச் அடிச்சுப் பார்க்கலியா?"

"பார்த்தேனே."

அதற்கு மேல் நான் பேசவில்லை. சுவரில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்தார். அதன் தலைக்குள் தோட்டாவைப் பொருத்தி மரக்கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டு கழன்றுவிடும். வெறும் தோட்டா மட்டுமல்ல, இருபதையும் தட்டினார். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து அடி. பாதிக்கு மேல் கை சோர்ந்து என்னிடம் நீட்டினார். மருந்தையெல்லாம் ஒரு டப்பாவில் சேர்த்து, வெளியே போய்ப் புல்தரைப் பனிமேல் தூவிவிட்டு வந்தார். "நைட்ரஜன், புல்லுக்கு நல்லது" என்றார்.

"என்னங்க அங்க அவ்வளவு நேரம் தட்டிக்கிட்டு இருந்தீங்க?" என்றாள் மனைவி. சொன்னேன். "இனிமே விட்டுடுவாராமா?"

மறு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே கதவைத் தட்டினார். கையில் டார்ச்.

"நீ பிடி, நான் ஊத்துறேன். ஒவ்வொண்ணையும் வாய்விட்டு எண்ணணும்" என்றார். "தமிழ்லயே எண்ணு, பரவாயில்ல. போனை உன் வீட்டிலேயே வச்சிட்டு வா. என்னோடதையும் உன் மனைவிகிட்ட குடுத்துடு."