தவளைத் தோல் கற்பித்த பாடம்

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் என் தந்தையார் நோயுற்று மருத்துவமனையிற் படுத்திருந்தார். சிறுநீர் தானாக இறங்காமையால் ரப்பர்க் குழாயொன்றைச் செலுத்தியிருந்தனர். சில நாட்கள் சென்றபின் அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. குழாயை மாற்றிய நர்ஸ் அம்மையார், கழற்றியதை எனக்குக் காட்டி, "தம்பி, உட்புறத்தைப் பார்; இந்தக் கொழகொழப்பே காய்ச்சலின் மூலம்" என்றார். "மருந்து கொடுத்தும் போகவில்லையே?" என்றேன். "மருந்து இதனுள் நுழைந்தாலல்லவா?" என்று விடை வந்தது. அவ்விடையே என்னை இப்பொருள் பற்றிப் படிக்கத் தூண்டிற்று.

கிருமிகள் தனித்தனியே திரிவன என்றே யான் அதுகாறும் எண்ணியிருந்தேன். உண்மை அஃதன்று. ஈரமான பரப்பொன்று கிடைப்பின் அவை அதில் ஒட்டிப் பல்கிப் பசையொன்றைச் சுரந்து, அதனுள் ஓர் ஊரே அமைத்து வாழ்கின்றன. இதனை உயிர்ப்படலம் என்பர். பசை மருந்தைத் தடுக்கின்றது; உள்ளிருப்பனவோ மெல்ல வளர்வதால், வளருங் கிருமிகளையே தாக்கும் மருந்துகளுக்குத் தப்புகின்றன. 1683-ஆம் ஆண்டில் லீவன்ஹுக் என்னும் டச்சுக்காரர் தம் பல்லின் அழுக்கைப் பூதக்கண்ணாடியில் இட்டுக் கண்ட உயிர்களும் இத்தகைய படலத்தில் வாழ்ந்தனவே.

கப்பலின் அடிப்பாகத்திலும் முதலில் இப்படலமும், பின் பாசியும் சிப்பியும் படிகின்றன. இவற்றைத் தடுக்க டிரைபியூட்டைல்டின் என்னும் நஞ்சு கலந்த வண்ணம் பூசினர். கப்பல் தூய்மையாயிற்று, ஆனால் நஞ்சு நீரிற் கசிந்து, கடல் நத்தைகளின் இனப்பெருக்கத்தையே கெடுத்தது. 2001-இல் உருவான உலக உடன்படிக்கையொன்று 2008-இல் நடைமுறைக்கு வந்து அதனை விலக்கிற்று. ஒரு பரப்பைக் காக்கச் சூழலையெல்லாம் கெடுத்தல் வீட்டெலிக்கஞ்சிக் கிணற்றில் நஞ்சிடுதல் போலும்.

வேறு வழி உண்டா? அமெரிக்காவில் மைக்கேல் ஸாஸ்லாஃப் என்னும் அறிஞர் ஆய்வுக்காக ஆப்பிரிக்கத் தவளைகளின் வயிற்றைக் கீறித் தைத்து, மீண்டுங் கலங்கல் நீரில் விடுவது வழக்கம். கிருமி மலிந்த அந்நீரிலும் புண்கள் சீழ்பிடியாது ஆறியதைக் கண்டு அவர் வியந்தார். தோலை ஆராய்ந்து, 23 அமினோ அமிலங்கள் கோத்த இரு சிறு புரதத் துண்டுகளைக் கண்டு 1987-இல் வெளியிட்டார். அவற்றிற்கு மகைனின் என்று பெயரிட்டார். 'மாகேன்' என்பது எபிரேய மொழியிற் கேடயம். சங்கீதங்கள் கர்த்தரைக் கேடயம் என்று பாடுமிடத்து வருவதும் அச்சொல்லே.

பெப்டைடு எனப்படும் இத்தகைய துண்டுகள் நேர்மின்னேற்றம் உடையன. கிருமியின் புறத்தோல் எதிர்மின்னேற்றம் உடையது. ஆதலின் அவை அதனை நாடிச் சென்று ஒட்டி, சவ்வைத் துளைத்துக் கொல்கின்றன. நம் உயிரணுக்களின் புறத்தே அவ்வேற்றம் குறைவாதலின் அவை பெரும்பாலும் தப்புகின்றன. இப்பெப்டைடுகளை ஒரு முனையாற் குழாயின் பரப்பிற் பிணைத்துவிட்டால், அவை நீரிற் கரைந்து பரவாமல், வாயிற்காப்போன் போல் நின்றவிடத்தே நின்று, ஒட்டவருங் கிருமியை மட்டும் தாக்கும். ஆய்வுக்கூடங்களில் இவ்வாறு செய்தும் காட்டியுள்ளனர்.

எனினும் இடர்கள் உள. உடற்புரதங்களும் மடிந்த கிருமிகளின் உடல்களுமே காவலர்மேற் படிந்து மறைத்துவிடும். புரதத்தை அரிக்கும் நொதிகள் அவற்றைச் சிதைக்கும். செய்யும் செலவோ பெரிது. ஆகவே இம்முறை அன்றாட மருத்துவத்தில் இன்னும் பரவவில்லை. தவளைக்கோ இவ்விடரில்லை. அதன் தோல் இக்கேடயத்தை ஓயாது சுரந்து புதுப்பிக்கின்றது. ஒருமுறை பூசி மறந்துவிடும் காவல் நிலையாது என்பதே அதன் பாடம்.

என் தந்தையார் நலம் பெற்றார். அவரைக் காத்தது மருந்து மட்டுமன்று. அந்த அம்மையார் ஒவ்வொரு முறையும் கை கழுவியே குழாயைத் தொடுவார். நாள்தோறும் காலையில் மருத்துவரிடம், "இக்குழாய் இன்னும் வேண்டுமா, ஐயா?" என்று தவறாது வினவுவார். ஒருநாள் காலை "வேண்டாம்" என்ற விடை வந்தது. அன்றே அதனை எடுத்துவிட்டனர். பெப்டைடு பூசிய குழாய்கள் வருங்காலத்தில் வருக. அதுவரை, நாள்தோறும் புதுப்பிக்கப்படும் அவ்வினாவே நோயாளியின் கேடயம் என்பேன்.