மரிக்கொழுந்துப் பாத்தி

திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நின்றால் மலை தெரியும். விதைக்கிறதற்கும் நடுகிறதற்கும் ஆயா அந்த மலையைத்தான் கேட்டுக்கொள்வாள். கார்த்திகை தீபத்துக்குக் கோயிலில் கொடி ஏறின அன்று, அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்த பழைய பவுடர் டப்பா வெளியே வரும். மூடியைத் திறந்தால் பவுடர் வாசனையும் காய்ந்த தழை வாசனையும் கலந்து அடிக்கும். அடியில் பழுப்பாகக் கொஞ்சம் தூசி. அந்தத் தூசிதான் மரிக்கொழுந்து விதை. "மூச்சைப் புடிச்சிக்கினு பாரு கண்ணு, தும்மினா போச்சு" என்பாள். நான் தும்மியிருக்கிறேன்.

வேட்டிக் கிழிசலில் முடிந்து, நனைத்து, அடுப்போரம் இரண்டு நாள் வைப்பாள். பிரித்தால் ஒவ்வொன்றும் வெள்ளையாக மூக்கை நீட்டியிருக்கும். சாம்பலோடு பிசறிக் கிணற்றடிப் பாத்தியில் தூவி, மழைக்குப் பயந்து மேலே கீற்றைச் சாய்ப்பாள். தண்ணீர் என்றால் வேப்பங்கொத்தை நனைத்து உதறுவதுதான். ஊற்றுகிற பேச்சே கிடையாது.

எனக்கு அப்போது ஏழு வயசு, பொறுமை என்பது மருந்துக்கும் இல்லை. ஒருநாள் ஆயா கோயிலுக்குப் போன நேரத்தில் பாத்தி நிறைய ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். தீபத்தன்று வீடே மொட்டை மாடியில் நின்று, மலையுச்சியில் 2,668 அடி உயரத்தில் எழும் சுடரைப் பார்த்து அரோகரா போட, நான் மட்டும் கீழே வெறும் பாத்தியைப் பார்த்து விசும்பிக்கொண்டிருந்தேன். விடிந்து பார்த்தால், துணி துவைக்கிற கல்லடியில், சோப்புத் தண்ணீர் ஓடும் வழியெங்கும் பாசி படர்ந்த மாதிரி பச்சை! விதையெல்லாம் மிதந்துபோய் அங்கே ஒதுங்கியிருந்தது. ஆயா திட்டவில்லை. "உன் நாத்துக்குச் சவுக்காரம் புடிச்சிக்கிச்சு" என்றாள். பொங்கல் கழிந்து அதையே பிடுங்கிப் பாத்தியில் நட்டாள்.

மாசியில் பூத்தது. சாமந்தி அளவுக்குப் பூக்கும் என்று பள்ளிக்கூடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். வந்ததோ மிளகளவு மஞ்சள் குமிழ். (இரண்டும் ஒரே குடும்பம் என்று பின்னாளில் படித்தபோதும் மனசு ஒப்பவில்லை.) அழுத என் மூக்கடியில் ஆயா ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கசக்கிப் பிடித்தாள். வெல்லப்பாகு, வைக்கோல், லேசாகக் கற்பூரம். அவள் விரலில் இருந்த சுண்ணாம்புகூட அன்று மணத்தது. கனகாம்பரத்தோடு வாழைநாரில் அவள் கட்டிய கதம்பத்தை வைத்துக்கொண்டு போனால், பின்பெஞ்சுக்காரி என் சடையை மோந்துகொண்டே கணக்குப் போடுவாள்.

ஆயா போன பிறகு டப்பாவை இரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்து, கொடியேறின நாள் பார்த்து விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. அந்த விதையில் ஒரு வருஷத்துக்கு மேல் உயிர் தங்காதாம். நீங்கள் போடுவதானால் அந்தந்த வருஷத்து விதையாக வாங்குங்கள். செம்பை மட்டும் பாத்திப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.