இறம்பொடைச் சரிவில் ஒரு பந்தாட்டம்

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் செல்வோர் இறம்பொடையில் ஒரு கணமேனும் நில்லாமற் போவதில்லை. 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அருவியும், கீழே கொத்மலை நீர்த்தேக்கமும், எதிரே அடுக்கடுக்கான தேயிலை மலைகளும் நம்மை நிறுத்திவிடும். நாமும் அருவியைக் காணவே சென்றோம். ஆனால் நம் மனத்தில் நிலைத்ததோ வேறொரு காட்சி.

மழை சற்றே ஓய்ந்திருந்தது. லயன்களுக்கு அருகே, மலையை வெட்டிச் சமன் செய்த சிறு மண்தரையில் தோட்டத்துச் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர். பழைய தகர டின் ஒன்றே விக்கெட். இருப்பது ஒரே பந்து. அது தேயிலைச் சரிவில் உருண்டுவிட்டால், அட்டைக் கடிக்கு அஞ்சாமல் செடிகளுக்குள் இறங்கித் தேட வேண்டும். கிட்டாவிடின் அன்றைய ஆட்டம் அத்துடன் முடிந்தது.

பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் பந்தைச் சுழற்றி வீசினான். ஈரத் தரையில் விழுந்த பந்து திரும்பவில்லை; வழுக்கி நேரே சென்றது. அடித்தவன் அதைச் சரிவுக்கு அனுப்பினான். கால் மணி நேரத் தேடலின்பின் பந்து கிடைத்தது. சிறுவன் அதைச் சட்டையில் துடைத்தான். குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தான். அடுத்த பந்தைச் சுழற்றவில்லை. விக்கெட்டுக்கு நேராக வேகமாக வீசினான். அது தாழ்வாக வழுக்கி, மட்டைக்கு அடியிற் புகுந்து தகரத்தில் மோதி ஒலித்தது.

“ஏன் தம்பி, மாற்றிப் போட்டாய்?” என்றோம்.

“ஈரத்துல சுத்தினா திரும்பாது ஐயா. வழுக்குற தரையில நேராப் போடணும். காஞ்சதும் திருப்பிக்கலாம்” என்றான்.

அவ்வாறே, வெயில் எழுந்து மண் சற்று இறுகியதும், அவன் ஓரமாக விலகி நின்று, பந்தை உயரத் தூக்கி மெதுவாக வீசலானான். பந்து தரையைப் பற்றித் திரும்பியது.

நகரங்களில் மரத்தளத்திற் பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் ஓர் ஆட்டம் உண்டு. 60 அடி நீளத் தளத்தின் முற்பகுதியில் எண்ணெய் பூசியிருப்பர். எண்ணெயில் வழுக்கிச் செல்லும் பந்து, உலர்ந்த பகுதியை அடைந்ததும் வளையும். ஆட்டம் தொடரத் தொடர எண்ணெய் இடம் மாறும். அது கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. ஆதலால், பந்து சென்ற வழியைக் கண்டே வல்லவர் நிற்கும் இடத்தையும் வேகத்தையும் மாற்றிக்கொள்வர். இறம்பொடைச் சிறுவனுக்கு மழையே எண்ணெய். அவன் கற்ற பாடமும் அதுவே.

இம்மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் உழைக்க 1920ஆம் ஆண்டு தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரனே முத்தையா முரளிதரன். கண்டியிற் பிறந்த அவர், பள்ளியில் முதலில் மிதவேகப் பந்தே வீசினார். பயிற்சியாளர் சொற்கேட்டுச் சுழற்பந்துக்கு மாறினார். 1998இல் இங்கிலாந்தின் ஓவல் மைதானத்தில் ஒரே ஆட்டத்தில் 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டுடன் விடைபெற்றார். அன்று அவர் மாறத் துணிந்திராவிடின் இப்பெருமை நமக்கேது?

நாம் புறப்படுகையில் மீண்டும் மூடுபனி இறங்கிற்று. சிறுவன் மறுபடியும் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தான். அருவி காண இறம்பொடை செல்லும் அன்பர்கள், இயலுமாயின் ஒரு பந்தையும் கையோடு கொண்டு செல்வார்களாக.